விளக்கேற்றும் முன் வந்த மெயில்கள்

பேக்கப் சர்வரில் நோட்டிபிகேஷன் எப்படி அமைப்பது என்று புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் இன்னமும் எனக்குப் போன் செய்து கேட்கிறார்கள். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எது நடந்தால், யாருக்கு, எந்த முகவரிக்கு என்று மூன்று கட்டங்களை நிரப்பினால் தீர்ந்தது. கையேட்டில் படம் போட்டே விளக்கியிருக்கிறார்கள், படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவது வேறு. அது எனக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை. முப்பது வருஷம் கம்ப்யூட்டரோடு மாரடித்துவிட்டு ஓய்வு பெற்றவன் விளங்கவில்லை என்று சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்தது ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில். நெசவும் ஆபீசும் ராஜபாளையத்தில். துணியை வெட்டி, சுருட்டி, ஆவியில் கிருமி நீக்கி, பெட்டியில் அடைக்கிற யூனிட் ஸ்ரீவில்லிபுத்தூரில். கிருமி நீக்கும் இயந்திரத்தை எல்லோரும் ஸ்டெரிலைசர் என்பார்கள். ஒவ்வொரு லாட் துணியும், அதாவது ஒரே தடவையில் அடுக்குகிற துணி மொத்தமும், அதற்குள் போய் வெளியே வரும்போது, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று ஒரு கிராப் கம்ப்யூட்டரில் பதிவாகும். அந்தக் கிராப்பைப் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் ஒரு சுருள்கூட வெளியே போகாது.

அந்தக் கையெழுத்து பேச்சியம்மாளுடையது. பக்கத்து மம்சாபுரத்துக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். பேக்கிங்கில் கூலிக்குச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படித்து, தரம் பார்க்கும் பொறுப்புக்கு வந்தவள். "என் கையெழுத்து இல்லாம மொதலாளியே ஒரு பெட்டிய எடுத்துட்டுப் போவ முடியாது, தெரியும்லா?" என்று என்னிடம் பெருமையடிப்பாள். என்னை அண்ணாச்சி என்பாள். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. அவள் அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு ஊர்க் கம்ப்யூட்டர்களில் உள்ளதையும் தினமும் நகலெடுத்து வைப்பதற்கு ராஜபாளையத்தில் ஒரு பேக்கப் சர்வர் வைத்திருந்தேன். காலை ஆறு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், ஏழு மணிக்கு ராஜபாளையம். ஒவ்வொன்றும் முடிந்ததும் முடிந்தது என்றோ தோற்றது என்றோ ஒரு மெயில் வரும். முதலாளி, மேனேஜர், நான் என்று மூன்று பேருக்கு அனுப்பும்படி அமைத்திருந்தேன்.

முதல் வாரத்திலேயே முதலாளி என்னைக் கூப்பிட்டுவிட்டார். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. கோபம் வந்தால் ஆபீசிலும் அது எட்டிப் பார்க்கும்.

"ஏமய்யா, காலங்காத்தால போனைத் தொறந்தா பெயிலு, பெயிலுன்னு செகப்புல எழுதி அனுப்புத? இன்னும் சாமிக்கு வெளக்குகூட ஏத்தல."

அந்த ஆபீசில் அது ஒரு பழக்கம். காலையில் கதவு திறந்து சாமி படத்துக்கு விளக்கேற்றி முடிக்கும்வரை யாரும் கெட்ட சொல் சொல்லக் கூடாது. கரண்ட் போய்விட்டால்கூட போய்விட்டது என்று சொல்ல மாட்டார்கள், "செத்த நேரத்துல வந்துரும்" என்பார்கள். துணி இருப்பு இல்லை என்றால் "நாளைக்கு வருது" என்பார்கள். ஊரில் பாதிக் கடைகளில் இப்படித்தான். எனக்கும் அதில் குறை ஒன்றும் தோன்றவில்லை.

நான் என்ன செய்தேன்? முடிந்தது என்ற மெயில் மூன்று பேருக்கும் போகட்டும், தோற்றது என்ற மெயில் எனக்கு மட்டும் வரட்டும் என்று மாற்றினேன். நல்ல செய்தியின் தலைப்பையும் முதலாளி சொன்னபடி "இன்றைய பேக்கப் நல்லபடியாக முடிந்தது" என்று தமிழில் வைத்தேன். "சர்வர் பேரு, எடத்துப் பேரெல்லாம் எனக்கு எதுக்குய்யா" என்று அவர் கேட்டதால் எந்த ஊர் பேக்கப் என்பதைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டேன். உள்ளே திறந்து பார்த்தால் இருக்கும். யார் திறந்து பார்த்தார்கள்?

எனக்கு வந்த கெட்ட மெயில்களின் கதை வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் லைன் அடிக்கடி அறுந்து அறுந்து வரும். ஆறரைக்கு ஒரு தோல்வி மெயில் வரும். சர்வர் தானாக இன்னொரு முறை முயன்று, ஏழரைக்குள் முடிந்தது என்று இன்னொரு மெயில் வரும். வாரத்தில் நாலு நாள் இதே கூத்து. அதனால் தோல்வி மெயில்கள் தாமாகவே ஒரு ஃபோல்டருக்குள் போய் விழும்படி செய்து, அதற்கு "அப்புறம்" என்று பெயர் வைத்தேன். காலையில் பல் தேய்க்கும்போது போனைப் பார்ப்பேன். நல்லபடியாக முடிந்தது என்று ஒன்று இருக்கும். கொப்புளித்துவிட்டு காபி குடிக்கப் போவேன்.

அந்த வருஷம் ஆடி பிறந்தபோது ரோடு வேலைக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் கேபிளை வெட்டிவிட்டார்கள். தற்காலிகமாக ஒரு வயர்லெஸ் இணைப்பு கொடுத்தார்கள். மெயில் பார்க்க, போன் பேச அது போதுமாக இருந்தது, நானும் அதோடு அதை மறந்துவிட்டேன்.

பிறகு புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை. வெளிமாநில ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கடிதம் வந்திருந்தது. நாங்கள் அனுப்பிய ஒரு லாட்டில் ஒரு பெட்டிச் சுருள் ஈரமாக இருக்கிறதாம். அந்த லாட்டின் கிராப்பை அனுப்பச் சொன்னார்கள். கிராப்பைக் காட்ட முடியாவிட்டால், பார்க்காமலே கையெழுத்துப் போட்டதாகத்தான் எடுத்துக்கொள்வோம், அப்படிப்பட்டவர் கையெழுத்தில் இனி எதுவும் வாங்க மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.

பேச்சியம்மாள் அந்த லாட்டுக்குக் கையெழுத்துப் போட்டது ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று. அன்றைக்கு யூனிட் அரை நாள்தான். பதினொரு மணிக்கெல்லாம் எல்லோரும் தேர் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். பதிவேட்டில் அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் 10.55 என்று இருந்தது.

"தேரு இழுக்குற அவசரத்துல பாக்காம போட்டுட்டா" என்றார் முதலாளி. சொன்னதையே சொல்லிக்கொண்டு அறைக்குள் நடந்தார்.

யூனிட் கம்ப்யூட்டரிலிருந்து கிராப்பை எடுக்கலாம் என்றால், அது சனிக்கிழமை மாலை விழுந்த இடியில் போயிருந்தது. டிஸ்க்கும் சேர்த்துப் போயிருந்தது. ஸ்டெரிலைசர் தன்னிடம் பத்து நாள் கிராப் மட்டுமே வைத்திருக்கும். முதலாளி என்னைப் பார்த்தார்.

"பேக்கப் இருக்குல்லா?"

"இருக்கு மொதலாளி. தெனமும் மெயில் வருதுல்லா, நீங்களே பாக்கீகளே" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

போய் உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஃபோல்டரைத் திறந்தேன். ஆனி மாதக் கடைசியோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு ஒரு ஃபைல் இல்லை.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முந்தின நாளும் நல்லபடியாக முடிந்தது என்று மெயில் வந்திருக்கிறது. அன்று காலையிலும் வந்திருக்கிறது. செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து எப்படி நல்லபடியாக நகலெடுத்தது? வேறு டிஸ்க்கில் இருக்குமோ என்று தேடினேன். தேதி மாறிவிட்டதோ என்று பார்த்தேன். வைரஸ் அழித்திருக்குமோ, யாராவது வேண்டுமென்றே அழித்திருப்பார்களோ, பேச்சியே அழித்திருப்பாளோ என்றுகூட ஒரு நிமிஷம் போயிற்று புத்தி. தூ, என்று என்னையே துப்பிக்கொண்டேன். ஆனாலும் அந்த நினைப்பு வந்தது உண்மை. குழப்பத்தில் இருக்கிறவன் கைக்கு எட்டுகிற ஆளைப் பிடித்துத் தள்ளப் பார்ப்பான். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் மதுரையில் எங்களுக்கு அந்த சாப்ட்வேரை விற்ற இஞ்சினியரைப் போனில் பிடித்தேன். "உள்ள தெறந்து எந்த ஊரு ஜாப்புன்னு பாத்தீங்களா சார்?" என்றார். பார்க்கவில்லை. திறந்தேன். ராஜபாளையம். முந்தின நாளைத் திறந்தேன். ராஜபாளையம். அதற்கு முந்தின நாளும் ராஜபாளையம்தான்.

எல்லாம் சரியாக இருக்கும் நாளில் இரண்டு நல்ல மெயில் வர வேண்டும். ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. நான், முதலாளி, மேனேஜர் மூன்று பேரும் தினமும் ஒன்றைப் பார்த்தே திருப்திப்பட்டிருக்கிறோம். ஆறரைக்குத் தோல்வி, ஏழரைக்கு வெற்றி என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்தான் மறுபடி முயன்று ஜெயித்துவிட்டது என்று நான் நினைத்திருக்கிறேன். தோற்றது ஓர் ஊர், ஜெயித்தது இன்னோர் ஊர். அந்த வயர்லெஸ் இணைப்பின் வேகத்துக்கு நகலெடுப்பு பாதியிலேயே நின்று தினமும் செத்திருக்கிறது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, "அப்புறம்" ஃபோல்டரைத் திறந்தேன். ஆடி முதல் அடுக்கி அடுக்கி வைத்ததுபோல் கிடந்தன, ஒன்றுகூடத் திறக்கப்படாமல். மதுரைக்காரரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், எனக்கு உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார்.

"அத மொத்தமா செலக்ட் பண்ணி அழிச்சிருங்க சார். லைன் பிரச்சினைன்னு நான் ரிப்போர்ட் குடுத்துடுறேன். உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு எத்தன மாசம் இருக்கு?"

"ஏழு."

"அப்பறம் என்ன சார்."

மொத்தத்தையும் செலக்ட் செய்துவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே செய்தேன். அழிக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் என் நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனை நாள் கோட்டை விட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது, அவ்வளவுதான். எண்ணிக்கொண்டே போனவன் ஆடிப்பூரத்துக்கு மறுநாள் மெயிலில் வந்து நின்றேன். திறந்தேன்.

தோற்றுப்போன நகலெடுப்புக்கும் ஒரு முறை உண்டு. முதலில் அந்த முனையில் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று கணக்கெடுக்கும். பிறகுதான் கொண்டுவரத் தொடங்கும். கொண்டுவர முடியாமல் நின்றவற்றைப் பெயர், அளவு, எழுதி முடித்த நேரம் எல்லாம் போட்டு மெயிலின் அடியில் பட்டியலாகத் தரும். அந்தப் பட்டியலில் பன்னிரண்டாவது வரியில் ஆஸ்பத்திரி கேட்ட லாட்டின் எண் இருந்தது. கிராப் ஃபைல். எழுதி முடித்த நேரம் ஆடிப்பூரத்தன்று காலை 10.42. சூடும் நேரமும் முழுதாக முடிந்தால்தான் அந்த இயந்திரம் கிராப்பை ஃபைலாக எழுதும், பாதியில் நின்றால் எழுதாது. அது பத்து நாற்பத்திரண்டுக்கு எழுதியிருக்கிறது, பேச்சி பத்து ஐம்பத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவள் பேனாவை எடுக்கும் முன்பே, பார்ப்பதற்கு ஒரு முழுக் கிராப் இருந்திருக்கிறது.

அவளுக்கு உலகத்திலேயே ஒரே ஒரு சாட்சி. அது என் பெயருக்கு வந்து, நான் திறக்காமல் போட்டு வைத்திருந்த மெயில். அவளைக் காப்பாற்ற அதைக் காட்ட வேண்டும். காட்டினால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள அத்தனையும் வெளியே வரும். அங்கேயே இரண்டு நகல் அச்செடுத்தேன். பைக்குள் வைத்தேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு விளங்காத இடம். செவ்வாய்க்கிழமை அச்செடுத்த தாளை முதலாளியிடம் நான் கொடுத்தது வெள்ளிக்கிழமை. நடுவில் என்ன செய்தேன்? செவ்வாய் மாலை அவர் கோபமாக இருந்தார், நாளை சொல்லலாம் என்றிருந்தேன். புதன்கிழமை அவர் மதுரைக்குப் போயிருந்தார். நாலு மணிக்கே திரும்பிவிட்டார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் போகவில்லை. ஆஸ்பத்திரியே சமாதானமாகிவிடும், நான் சொல்லாமலே இது முடிந்துவிடும் என்று ஒரு பக்கம் தோன்றும். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இன்னொரு பக்கம் தோன்றும். இரண்டும் எனக்கு உண்மையாகவே தோன்றின. பயமா என்றால் பயம்தான். வேலை போகிற பயமா, முப்பது வருஷம் 'சார் கிட்ட குடுத்தா சரியா இருக்கும்' என்று பேர் வாங்கியவன் அந்தப் பேரை இழக்கிற பயமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வியாழக்கிழமை, அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். யூனிட்டில் அவளைக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். வேறு வேலையும் கொடுக்கவில்லை. பேக்கிங் கூடத்துக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காலை எட்டரைக்கு வந்து சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டுப் போகிறாள் என்றார்கள். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பெண்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் பெட்டி தூக்கிப் போனார்கள்.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "அண்ணாச்சி, கெடச்சிருச்சா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் தாயி."

"நான் கிராப்பு பாக்காம கையெழுத்துப் போட்டதே இல்ல அண்ணாச்சி. ஆண்டாள் மேல சத்தியமா. வீட்டுக்குப் போவச் சொல்லுதாக. போயிட்டா தப்பு பண்ணிட்டான்னு ஆயிரும்லா, அதான் இப்பிடி குத்தவச்சிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க தேடுதீகன்னுதான் எனக்குத் தைரியமே. ஒரு டீ சொல்லட்டா?"

பை என் தோளில்தான் தொங்கியது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, முதலாளி விளக்கேற்றிக் கும்பிட்டு முடிக்கும்வரை வாசலில் நின்றேன். பிறகு போய்த் தாளை மேஜையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். "அப்புறம்" ஃபோல்டரையும் சொன்னேன், மதுரைக்காரர் பேச்சை மட்டும் விட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டாவது வரியை இரண்டு முறை படித்தார்.

"இம்புட்டு நாளா எனக்கு ஏன் இதெல்லாம் வரல?"

"நீங்கதான மொதலாளி, காலைல கெட்ட சேதி வேண்டாம்னீக."

"வெளக்கு ஏத்துறதுக்கு முன்னாடி வேண்டாம்னேன். ஏத்துன பொறவும் வேண்டாம்னா சொன்னேன்?"

ஒன்பது மணிக்கு அனுப்பு என்று நேரம் குறிக்க அந்த சாப்ட்வேரில் வழி இருந்தது. கையேட்டிலும் இருந்தது. அவர் கேட்டது இரண்டு மூன்று மணி நேரப் பொறுமை. நான் அதை எப்போதைக்குமான மௌனமாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் எனக்கு வசதியாக. உங்களுக்கு மேலே இருப்பவர் இப்படி ஏதாவது கேட்டால், அவர் எவ்வளவு கேட்டார் என்று திரும்ப ஒருமுறை கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு அந்த மெயிலையே அனுப்பினார்கள். லாட்டை ஆஸ்பத்திரிக்காரர்கள் திருப்பித்தான் அனுப்பினார்கள். பெட்டி எங்கே நனைந்தது, லாரியிலா அவர்கள் கிடங்கிலா என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் பேச்சியம்மாள் கையெழுத்தில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதினார்கள். என்னை முதலாளி வேலையை விட்டு அனுப்பவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டாவது நகலை எடுத்துக்கொண்டு நானே ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அவள் தன் மேஜைக்குத் திரும்பியிருந்தாள். கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, தப்பு என்னுடையது, இவளுடையது அல்ல என்று சொன்னேன். பெண்கள் கை தட்டினார்கள். பேச்சி அழுதாள், சிரித்தாள். "நீங்க தேடிக் கண்டுபிடிச்சிருவீகன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றாள். எனக்கும் கண் கலங்கியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் தாளை வாங்கி மேஜையில் வைத்துப் படித்தாள். லாட் எண்ணில் விரல் வைத்தாள். நேரத்தில் வைத்தாள். ஒரு காகிதத்தை முழுதாகப் பார்க்காமல் கீழே வைக்கத் தெரியாதவள் அவள். விரல் இறங்கி இறங்கி, தாளின் அடி மூலைக்குப் போய் நின்றது. அச்செடுத்த நாளையும் நேரத்தையும் பிரின்டர் தானாகப் பொடி எழுத்தில் போட்டு வைக்கும் இடம் அது.

"இது செவ்வாக்கெழம எடுத்ததா?" என்றாள்.

"ஆமா."

"வியாழக்கெழம வந்தீகளே."

அவள் கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. தாளை மடித்துத் தன் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரி சார்" என்றாள்.

அடுத்த ஏழு மாதமும், நான் ஓய்வு பெற்றுப் போன அன்று எல்லோரும் எனக்குப் பூமாலை போட்டபோதும், அவளுக்கு நான் சார்தான்.